பாதியில் விட்ட சூப்பர் ஹீரோ காமிக்ஸை எங்கிருந்து பிடிப்பது?

2025 செப்டம்பரில் 'பேட்மேன்' மாத இதழ் ஒன்று வெளிவந்தது. அட்டையில் எண் 1. பேட்மேன் பெயரிலான முதல் இதழ் 1940-ல் வந்தது. அதிலும் எண் 1. நடுவே 2011-ல் ஒரு எண் 1, 2016-ல் இன்னொரு எண் 1. ஆக, 'பேட்மேன் முதல் இதழ் கொடுங்க' என்று கேட்டால், எந்த முதல் இதழ் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டாக வேண்டும்.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் பள்ளிக்கூட நாளில் காமிக்ஸ் படித்துவிட்டு, அப்புறம் வேலை, குடும்பம் என்று அதை மறந்துபோனவர்கள் நிறைய. ஏதோ ஒரு சூப்பர் ஹீரோ படம் பார்த்து, பழைய ஆசை கிளம்பி, இணையத்தில் தேடினால் முதலில் முட்டுவது இந்த எண் குழப்பத்தில்தான். அதைத் தாண்டினால் மல்டிவெர்ஸ், ரீபூட், ஆம்னிபஸ் என்று புரியாத சொற்கள். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். குழப்பம் வாசகரின் மறதியால் வந்ததல்ல. அந்தத் தொழில் நடக்கும் முறையே அப்படி. அது விளங்கினால் எங்கே இறங்குவது என்பதும் விளங்கிவிடும்.

முதலில், நாம் விட்டது எந்தக் கதையை?

பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய புத்தகங்களை எல்லாம் 'காமிக்ஸ்' என்ற ஒரே பெயரில்தான் நாம் சேர்த்து வைத்திருக்கிறோம். உண்மையில் அதில் மூன்று வேறு சரக்குகள் இருந்தன.

1. பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக் கதைகள். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த இரும்புக்கை மாயாவி இந்த வகை. ஆய்வகத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். இங்கிலாந்தில் 1962-ல் 'வேலியன்ட்' என்ற வார இதழில் தொடங்கிய தொடர் அது. 1984-ல் வந்த லயன் காமிக்ஸ் நமக்குப் பழக்கிய ஸ்பைடரும் அங்கிருந்து வந்தவன்தான். அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் இவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2. செய்தித்தாள் படத்தொடர்கள். வேதாளரும் மாண்ட்ரேக்கும் இந்த வகை. லீ ஃபாக் உருவாக்கிய வேதாளர் 1936-ல் நாளிதழ்த் தொடராகத் தொடங்கியவர். ராணி காமிக்ஸில் அவருக்கே மாயாவி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனால் டெல்டாவில் ஒரே வகுப்பில் இரண்டு பையன்கள் 'மாயாவி' பற்றி மணிக்கணக்கில் பேசி, இருவரும் வேறு வேறு ஆளைச் சொல்கிறார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே போனதும் உண்டு.

3. அமெரிக்க மாத இதழ்கள். சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன், எக்ஸ்-மென். நம் பக்கத்துப் பையன்களுக்கு இவர்கள் காமிக்ஸை விடத் தொலைக்காட்சி வழியாகத்தான் அதிகம் அறிமுகம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், முதல் வகைக் கதைகள் முடிந்துவிட்டன. மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் நாம் விட்ட இடத்துக்கு அப்புறம் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அவற்றுக்குத் திரும்புவது பழைய புத்தகத்தைத் தேடும் வேலை, அவ்வளவுதான். வேதாளர் கதைகள் தனித்தனியானவை. எதை எடுத்தாலும் புரியும். குழப்பம் முழுக்க மூன்றாம் வகையில்தான். அது இன்னும் முடியவில்லை. முடியவும் விடமாட்டார்கள்.

முடிவில்லாத கதை யாருடைய சொத்து?

சூப்பர்மேன் 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தான். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கதாபாத்திரத்தின் உரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்து வாங்கிய தொகை 130 டாலர். அன்றிலிருந்து இந்தத் தொழிலின் அடிப்படை விதி அதுதான்: பாத்திரம் நிறுவனத்துடையது, எழுதுபவரும் வரைபவரும் கூலிக்கு வேலை செய்பவர்கள்.

இதன் விளைவு கதையிலேயே தெரியும். எழுத்தாளர் கையில் இருக்கும் பாத்திரத்துக்கு வயதாகும், சாவு வரும், கதை முடியும். நிறுவனத்தின் கையில் இருக்கும் பாத்திரம் பொம்மையாகவும் டி-சர்ட்டாகவும் படமாகவும் விற்கப்படுவது. அதற்கு முடிவு எழுத யாருக்கும் அதிகாரமில்லை. எழுத்தாளர் வருவார், சில வருடம் ஓட்டுவார், போவார். அடுத்தவர் வருவார். மெகா சீரியலில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையின் அடியில் எழுத்து ஓடுமே, ஏறக்குறைய அதேதான். அங்கே முகம் மாறும், இங்கே முகம் அப்படியே இருக்க உள்ளே ஓடும் மூளை மாறும்.

சூப்பர்மேனை விற்றுவிட்ட ஜெர்ரி சீகல், பின்னாளில் பிழைப்புக்காக இங்கிலாந்து வார இதழுக்கு எழுதினார். 1966 முதல் அவர் எழுதியது ஸ்பைடர் தொடர். அதாவது, சூப்பர்மேனைப் படைத்தவரின் கதையைத்தான் டெல்டா பையன்கள் 80-களில் தமிழில் படித்துக்கொண்டிருந்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அப்போது அது தெரியாது. சொல்லவும் ஆளில்லை.

எண் 1 ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

காரணம் கதையில் இல்லை, கடையில் இருக்கிறது. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. 1970-கள் வரை அமெரிக்காவில் காமிக்ஸ் விற்றது நம்மூர் வாரப் பத்திரிகை விற்ற மாதிரிதான். கடைக்காரர் மாட்டி வைப்பார். விற்காததை ஏஜென்ட்டுக்குத் திருப்பிவிடுவார். அவருக்கு நட்டமில்லை.

2. 1970-களில் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகின. அவற்றுக்கு விலையில் கழிவு அதிகம், ஆனால் விற்காத பிரதியைத் திருப்ப முடியாது. இதற்கு டைரக்ட் மார்க்கெட் என்று பெயர்.

3. திருப்ப முடியாது என்றால், கடைக்காரர் எண்ணி எண்ணித்தான் வாங்குவார். 437-வது இதழைப் புதிதாக ஒருவர் வாங்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஏற்கெனவே படிப்பவர் எத்தனை பேரோ அத்தனை பிரதி போதும். அதிலும் ஒவ்வொரு மாதமும் இரண்டொருவர் கழன்றுகொள்வார்கள்.

4. எண் 1 என்று போட்டால் புது ஆள் எட்டிப் பார்ப்பார். சேகரிப்பவர் இரண்டு பிரதி எடுப்பார். கடைக்காரர் துணிந்து அதிகம் வரவழைப்பார். விற்பனை ஒரே மாதத்தில் ஏறும். அப்புறம் மெதுவாக இறங்கும். நன்றாக இறங்கியதும் மறுபடி எண் 1.

இந்த வித்தை உச்சத்துக்குப் போனது 1991-ல். அந்த வருடம் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டையோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. 80 லட்சம் பேர் படித்தார்கள் என்று பொருளல்ல. நாளைக்கு விலை ஏறும் என்று ஒருவரே ஐந்தாறு வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். எல்லோரும் பூட்டி வைத்த பொருளுக்கு ஏது விலை? சில வருடத்தில் சந்தை சரிந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் ஸ்பைடர்மேன், எக்ஸ்-மென் இதழ்களை வெளியிடும் மார்வெல் நிறுவனமே திவால் மனு போட்டது. அதன்பிறகும் எண் 1 வித்தையை மட்டும் யாரும் கைவிடவில்லை. நமக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனால் கடைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு வழியும் தெரியவில்லை.

ஓர் அட்டையைக் கிட்டத்தில் பார்த்தால் இது இன்னும் தெளியும். 2022-ல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' இதழ் ஒன்றில் பெரிய எழுத்தில் 6 என்று இருக்கும். பக்கத்திலேயே சின்னதாக 'எல்ஜிஒய் 900' என்றும் இருக்கும். 6 என்பது அப்போதைய எழுத்தாளர் வந்தபின் ஆறாவது இதழ் என்ற கணக்கு. 900 என்பது 1963-ல் தொடங்கிய முதல் இதழிலிருந்து எண்ணி வந்த மொத்தக் கணக்கு. 1999, 2014, 2015, 2018, 2022 என்று அந்தத் தலைப்பு மட்டும் இத்தனை தடவை 1-க்குத் திரும்பியிருக்கிறது, 2025-ல் மறுபடியும். ஆகவே அட்டையில் உள்ள பெரிய எண்ணை இதழின் வயதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சீசன் எண் மாதிரி. இதுவரை தவறவிட்டது 900 என்று பயப்படவும் வேண்டாம்; 6-க்கு முன்னால் இருக்கும் ஐந்தைப் படித்தால் பெரும்பாலும் போதும்.

ஒரே ஆறு, எத்தனை கிளை?

அடுத்த தடை கதை உலகம். நான்கு சொற்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கன்டினியூட்டி என்பது, எல்லா இதழ்களிலும் நடப்பது ஒரே உலகத்தில் நடக்கிறது என்ற ஒப்பந்தம். ஸ்பைடர்மேன் இதழில் இடிந்த பாலம் அடுத்த மாதம் வேறொரு நாயகனின் இதழிலும் இடிந்தே கிடக்கும்.

ரெட்கான் என்பது பழைய கதையில் நடந்ததைப் பிற்பாடு மாற்றிச் சொல்வது. பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் 1987-ல் கல்யாணம் நடந்தது. 2007-ல் ஒரு சாத்தானிடம் செய்த பேரத்தால் அந்தக் கல்யாணமே நடக்கவில்லை என்று ஆக்கிவிட்டார்கள். இருபது வருடத் தாம்பத்தியம் நான்கு இதழில் காலி. அதற்கு வாசகர்கள் கொடுத்த சாபம் இன்னும் ஓயவில்லை.

ரீபூட் என்பது உலகத்தையே கலைத்துப் புதிதாகத் தொடங்குவது. சூப்பர்மேன், பேட்மேன் இதழ்களை வெளியிடும் டிசி நிறுவனம் 1985-86-ல் 12 இதழ்த் தொடர் ஒன்றின் மூலம் தன் உலகங்களை ஒன்றாக்கியது. 2011-ல் மொத்தத்தையும் நிறுத்தி ஒரே மாதத்தில் 52 தலைப்புகளை எண் 1-லிருந்து தொடங்கியது. ஐந்தே வருடத்தில், 2016-ல், பழையதில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2021 வாக்கில் நடந்ததெல்லாம் நடந்ததுதான், எல்லோருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. நம்மைப் போல விட்டுப்போனவர்களுக்கு இது நல்ல செய்திதான். எந்தக் காலத்தில் படித்திருந்தாலும் அது செல்லாக்காசு ஆகவில்லை.

மல்டிவெர்ஸ் என்பது பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேறு வேறு உலகங்கள். 1961-லேயே டிசி இதைத் தொடங்கிவிட்டது: பழைய ஃபிளாஷ் ஓர் உலகத்தில், புது ஃபிளாஷ் இன்னொன்றில், இருவரும் ஒரே கதையில் சந்தித்தார்கள்.

மல்டிவெர்ஸைப் புரிந்துகொள்ள டெல்டாக்காரருக்கு விஞ்ஞானப் படம் தேவையில்லை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று இன்னொரு முறை பிரிகிறது. தண்ணீர் ஒன்றுதான், ஓடும் ஊர் வேறு. ஒரு கிளையில் முறை வைத்து நிறுத்தினாலும் இன்னொன்றில் ஓடும்.

இந்த உவமையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. காவிரி என்ற பெயரைக் கடைசிவரை சுமந்துகொண்டு பூம்புகாரில் கடலில் சேர்வது, ஏறக்குறைய ஒரு வாய்க்கால். வெள்ளம் வரும்போது பெருந்தண்ணீர் போவது கொள்ளிடத்தில். பெயர் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். காமிக்ஸிலும் இப்படித்தான். 'பேட்மேன்' என்று தலைப்புப் போட்ட முதன்மை இதழில்தான் நல்ல கதை ஓடும் என்று விதியில்லை. சில வருடம் அதில் வற்றிக் கிடக்கும்; அதே நேரத்தில் ஓரத்துக் கிளை ஒன்றில் கரை புரளும். திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது பெயரைப் பார்த்து இறங்குவதால்தான்.

தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? எழுதுபவர் பெயரைப் பார்த்து. சினிமாவில் நடிகரை விட்டு இயக்குநரைப் பார்த்துப் படம் தேர்ந்தெடுக்கிறோமே, அந்தப் பழக்கம்தான். ஓர் எழுத்தாளர் ஒரு தலைப்பைத் தொடர்ந்து எழுதும் காலத்தை 'ரன்' என்பார்கள். ஒரு ரன்னுக்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. முடிவில்லாத தொடருக்குள் முடிவுள்ள கதையாகக் கையில் கிடைப்பது அது ஒன்றுதான்.

அவர்களுக்கு மட்டும் வயது ஏறாதா?

1962-ல் ஸ்பைடர்மேன் அறிமுகமானபோது பீட்டர் பார்க்கர் பள்ளி மாணவன். கணக்குப்படி இன்று பேரன் பேத்தி எடுத்திருக்க வேண்டும். ஆனால் முப்பதைத் தொடாமலே இருக்கிறான். நிகழ்காலம் நகர நகர, தொடக்கமும் கூடவே நகரும். பீட்டரைச் சிலந்தி கடித்தது எப்போதுமே ஒரு பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால்தான்.

இது உறுத்தும் இடம் வரலாறு குறுக்கிடும்போது. அயர்ன்மேன் 1963-ல் காயம்பட்டது வியட்நாமில். பின்னாளில் சொல்லும்போது அது வேறு வேறு போராக மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் 2019-ல் மார்வெல் ஒரு கற்பனைப் போரையே உருவாக்கி, இனி எல்லாம் இதில்தான் என்று முடித்துவிட்டது. கேப்டன் அமெரிக்காவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பனிக்கட்டியில் எத்தனை வருடம் கிடந்தான் என்பதைக் கூட்டிக்கொண்டால் போதும்.

வேதாளர் இதை எவ்வளவு நேர்த்தியாகச் சமாளித்தார் என்று இப்போது பார்த்தால் வியப்பாக இருக்கும். அப்பாவுக்குப் பிறகு மகன் முகமூடி போடுகிறான். நாம் படித்தவர் 21-வது ஆள். காட்டுவாசிகளுக்கு அவர் சாகாதவர், நமக்கு மட்டும் உண்மை தெரியும். அமெரிக்க நிறுவனங்கள் லட்சக்கணக்கில் பக்கம் செலவழித்துச் சமாளிக்கும் விஷயம் அங்கே ஒரு வரியில் முடிந்துவிட்டது.

சாவும் இப்படித்தான். 1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்தது உலகச் செய்தியானது. மறுவருடமே திரும்பி வந்தான். 1988-ல் பேட்மேனின் துணைவன் ராபினை, அதாவது ஜேசன் டாட்டை, வாழ வைப்பதா கொல்வதா என்று வாசகர்களிடம் தொலைபேசியில் வாக்கெடுத்தார்கள். கொல்லச் சொன்னவர்கள் 5,343, வாழட்டும் என்றவர்கள் 5,271. 72 ஓட்டில் போனது உயிர். அவனும் 2005-ல் திரும்பிவிட்டான். ஆகவே 'இன்னார் இறந்துவிட்டார்' என்ற செய்தியைக் கேட்டு அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை.

வாங்குவது எந்த வடிவில்?

ஒற்றை இதழ் என்பது 20 பக்கத்துக்குச் சற்று முன்பின் கதை. விலை பெரும்பாலும் 3.99 அல்லது 4.99 டாலர், நம் கைக்கு வரும்போது ரூ.400 ஆகிவிடும். 60-களில் ஓர் இதழில் ஒரு கதை முடிந்துவிடும், கட்டத்துக்குக் கட்டம் எழுத்து அடைந்திருக்கும். இப்போது ஒரு கதையை ஐந்தாறு இதழுக்கு இழுக்கிறார்கள். ஓர் இதழைப் படிக்கப் பத்து நிமிடம். ஒரு டீ ஆறுவதற்குள் ரூ.400 முடிந்துவிடும்.

ட்ரேட் பேப்பர்பேக் என்பது அந்த ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. ஆம்னிபஸ் என்பது கெட்டி அட்டையில் ஆயிரம் பக்கத்தைத் தொடும் செங்கல். மடியில் வைத்துத்தான் படிக்கலாம், படுத்துக்கொண்டு படித்தால் மூக்குக்கு உத்தரவாதமில்லை. 2024 முதல் டிசி, நாவல் அளவில் சிறிய தொகுப்புகளை 9.99 டாலருக்குப் போடுகிறது. படம் சற்றுச் சுருங்கினாலும் ஒரு முழுக்கதை கையடக்கமாகக் கிடைக்கிறது.

யோசித்தால், நாம் எப்போதுமே தொகுப்பு வாசகர்கள்தான். இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தில் வாரத்துக்குச் சில பக்கமாக வந்தது. நாம் அதை வாரம் வாரம் காத்திருந்து படிக்கவில்லை. சிவகாசியில் மொத்தமாகச் சேர்த்து அச்சடித்து முழுக்கதையாகக் கொடுத்தார்கள். வாடகை நூலகத்தில் எடுத்து ஒரே மூச்சில் முடித்தோம். அமெரிக்க வாசகர் ஒற்றை இதழிலிருந்து தொகுப்புக்குப் பழகப் பல வருடம் ஆயிற்று. நமக்கு அது பிறவிப் பழக்கம். அதனால் மாத இதழ்களைத் துரத்துவது நம் ஆட்களுக்கு ஒத்துவராது என்பது என் கணிப்பு.

திரையில் படிக்க, மார்வெல் அன்லிமிடெட் என்ற சந்தா முறை 2007 முதல் இருக்கிறது. பல்லாயிரம் பழைய இதழ்கள் உண்டு. புதியவை, கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி, அச்சில் வந்து மூன்று மாதம் கழித்து வரும். பத்து வருடம் விட்டவருக்கு மூன்று மாதம் ஒரு பொருட்டா? கைப்பேசியில் படித்தால் பக்கம் துண்டு துண்டாகத்தான் தெரியும். காமிக்ஸில் ஒரு பக்கம் என்பது முழுதாகக் கண்ணில் படுவதற்கென்று வரையப்பட்டது. டேப்லெட் இருந்தால் நல்லது.

சரி, எதில் தொடங்கலாம்?

1. முதலில், விட்ட இடத்தைத் தேடிப் போகாதீர்கள். விட்ட இதழுக்கு அடுத்த இதழிலிருந்து படிக்க ஆரம்பித்தவர்களில் கரை சேர்ந்தவர்கள் குறைவு.

2. முடிவுள்ள ஒரு கதையை எடுங்கள். சூப்பர்மேன் என்றால் கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்'. 12 இதழ், எந்த முன்கதையும் தேவையில்லை. முதல் பக்கத்திலேயே நான்கு படம், எட்டுச் சொல்லில் பிறப்புக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பேட்மேன் என்றால் 1987-ல் வந்த 'இயர் ஒன்'. நான்கே இதழ். இவை இரண்டும் பிடிக்கவில்லை என்றால், உங்களுக்கு வேண்டியது சூப்பர் ஹீரோ அல்ல, பழைய நாட்கள் என்று எடுத்துக்கொண்டு மாயாவி பக்கமே போய்விடலாம். அதிலும் தப்பில்லை.

3. அண்மைக் காலத்தில் தொடங்கியதில் ஒன்று வேண்டுமென்றால் முதன்மைக் கிளையை விட்டுப் புதுக் கிளைக்குப் போங்கள். 2024 ஜனவரியில் ஜானதன் ஹிக்மன் எழுதத் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' இதில் ஒன்று. அதில் பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அதற்கு அப்புறம்தான் சிலந்தி கடிக்கிறது. நாற்பதைத் தாண்டிய வாசகருக்குப் பதின்வயது நாயகனை விட இவன் நெருக்கமாகத் தெரிவான். 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர் தொடங்கிய 'ஆப்சலூட் பேட்மேன்' இன்னொன்று. புரூஸ் வேனிடம் மாளிகையும் இல்லை, பணமும் இல்லை. உழைக்கும் வீட்டுப் பிள்ளை, பொறியாளர். அம்மா உயிரோடு இருக்கிறார். இரண்டுமே தனி உலகம், முன்கதைச் சுமை கிடையாது.

4. 'ஈவென்ட்' என்று விளம்பரம் செய்யப்படும் பெருங்கதைகளை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். ஒரு கதைக்கு முப்பது நாற்பது இதழ் வாங்க வைக்கும் ஏற்பாடு அது. இடையில் யார் யாரோ வந்து அழுவார்கள், நமக்கு யாரென்றே தெரியாது.

5. ஒரு தொகுப்பு பிடித்தால் அந்த எழுத்தாளரின் அடுத்த தொகுப்பு. நாயகன் யார் என்பது இரண்டாம் பட்சம்.

தமிழில் மட்டுமே படிப்பேன் என்பவர்களுக்கு நிலைமை வேறு. மார்வெல், டிசி மாத இதழ்கள் தமிழில் தொடர்ந்து வருவதில்லை. லயன்-முத்து 2012-ல் புது வேகத்தோடு திரும்பியபின் பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகள்தான். கடையில் தேடுவதை விட ஆண்டுச் சந்தா, இல்லாவிட்டால் தஞ்சை, திருச்சி பக்கம் நடக்கும் புத்தகத் திருவிழா, இவைதான் வழி. மாயாவியையும் ஸ்பைடரையும் ஆங்கில மூலத்தில் பார்க்க ஆசையென்றால், அவற்றின் உரிமை இப்போது ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருக்கிறது. 2021 முதல் தொகுப்புகளாகப் போடுகிறார்கள். மாயாவி கதைக்கு ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்த நிழலும் வெளிச்சமும் நல்ல தாளில் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். நாம் பார்த்தது நியூஸ்பிரின்ட்டில் மை ஊறிய பதிப்பு.

பரண் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை

மறுபடி படிக்க ஆரம்பிப்பவர்கள் அடுத்துச் செய்வது, பரணில் போட்ட பழைய பெட்டியை இறக்குவது. லட்சத்துக்கு விற்கலாம் என்ற கணக்கு வேண்டாம். விலை போவது அட்டை, பின், பக்கம் எதுவும் குறையாத பிரதிதான். அட்டையில் பெயரும் வகுப்பும் எழுதி, நடுப்பக்கம் கிழிந்து, பசை போட்டு ஒட்டிய புத்தகத்துக்குச் சேகரிப்பவர் கொடுப்பது சொற்பம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தாங்கி இத்தனை வருடம் இருந்ததே பெரிது. மலிவுத் தாளில் இருக்கும் அமிலம் தானாகவே அதைப் பழுப்பாக்கி நொறுக்கும், ஈரம் அதை விரைவுபடுத்தும். எடுத்தவுடன் நெகிழிப் பையில் போட்டுக் கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயிலில் காயவைத்தால் மை வெளுக்கும். ஊரில் ஓலைச்சுவடிக்கும் பழைய புத்தகத்துக்கும் செய்ததைச் செய்தால் போதும்: காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் பரப்பி, பூச்சி பார்த்து, துணியில் முடிந்த வசம்புத் துண்டோடு அட்டைப் பெட்டியில் நிறுத்தி அடுக்கி, தரையில் படாமல் ஒரு பலகை மேல் வைத்துவிடலாம்.